கிராணியின் சாப்பாட்டுப் பலகை

மாமாவின் போர்வையில் கிராணி ஒரே வாரத்தில் மூன்றாவது முறை வாந்தியெடுத்த அன்று நான் வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். பிஸ்கட்டுகள் ஒன்றுகூட உடையாமல் கடையில் வாங்கிய வடிவத்திலேயே வெளியே வந்து கிடந்தன. மென்றதற்கான அடையாளமே இல்லை. மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"நாப்பது செகண்டு லா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு கிண்ணம் பூராவும் நாப்பதே செகண்டு."

அவர் குரலில் கவலையைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

கிராணி என்பது எங்கள் வீட்டுப் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது பாதிதான் இருக்கும். புந்தோங் பசாரில் மீன் கடைகளுக்கு அடியில் மற்ற பூனைகளோடு அடித்துப் பிடித்து வளர்ந்தது. ஒருநாள் என் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்து மாமாவின் மடியில் ஏறிக்கொண்டது. ரப்பர் தோட்டங்களில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேர் பதிகிறவரைக் கிராணி என்பார்கள். சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருஷம் கித்தா மரம் சீவிப் பாலெடுத்த என் மாமனார் சதாசிவம், உழைக்காமல் சாப்பிடுகிற எதற்கும் அந்தப் பெயரைத்தான் வைப்பார். என் கணவர் தனேஷ் பள்ளிக்கூடம் முடித்து ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தபோது அவருக்கும் அதே பெயர்தான் என்று கேள்வி.

நான் ஈப்போவில் ஒரு மிருக கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறேன். அங்குள்ள சீன டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். பசியோடு தெருவில் வளர்ந்த பூனைக்கு எத்தனை வருஷம் ஆனாலும் பக்கத்தில் இன்னொரு பூனை நிற்கிற நினைப்பு போகாதாம். சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாதே, எங்கேயாவது ஒளித்து வை, கையை விட்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கட்டும், தானாக நிதானம் வரும் என்றார். அதற்கென்றே விற்கிற சாமான்களின் படத்தையும் போனில் காட்டினார். பள்ளங்களும் குழாய்களும் உள்ள பிளாஸ்டிக் பலகைகள். நான் அந்தப் படத்தை மாமாவிடம் காட்டினேன்.

"வேல செஞ்சாத்தான் சோறு. எஸ்டேட்டுல எங்களுக்குப் போட்ட சட்டத்த இப்ப பூனைக்கும் கொண்டாந்துட்டியா?" என்றார். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே பழைய அலமாரிப் பலகை ஒன்றைக் கேட்டார். தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் கேட்டார். ரம்பம், திருகாணி, உப்புத்தாள். சக்கர நாற்காலியைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு நாள் அங்கேயே இருந்தார். ஐந்து குழாய்த் துண்டுகள், உயர வரிசையில், பலகையில் நிமிர்த்தித் திருகப்பட்டிருந்தன. முதல் குழாய் தேநீர்க் கோப்பை அளவு. கடைசிக் குழாய் ஒரு சாண். பூனையின் கை புண்படக் கூடாது என்று வாய்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். அந்த மனிதர் தன் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்ததாக இந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

முதல் நாள் கிராணி பலகையைச் சுற்றி வந்து கத்தியது. இரண்டாம் நாள் முழுப் பட்டினி. மூன்றாம் நாள் மாமாவே மனம் பொறுக்காமல் குழாயிலிருந்து எடுத்துக் கையால் ஊட்டப் போக, நான் சத்தம் போட்டேன். நாலாம் நாள் கிராணி பின்னங்கால்களில் உட்கார்ந்து, வலது கையைக் குழாய்க்குள் விட்டு, நகத்தை வளைத்து ஒரு பிஸ்கட்டைத் தூக்கியது. ஒரு மாதத்தில் நாற்பது விநாடி இருபத்திரண்டு நிமிஷமானது. கடிகாரத்தைப் பார்த்து மாமாதான் கணக்குச் சொன்னார். வாந்தி நின்றது. திருகிய குழாய்கள் போதாதென்று பிறகு திருகாத வெறும் லோட்டாவில் போட்டுப் பழக்கினார். பூனை சாய்த்தால் லோட்டாவை எடுத்துவிடுவார். சாய்க்காமல் எடுத்தால் இன்னொரு பிஸ்கட். அந்தப் பூனை தரையில் ஒரு சொட்டுச் சத்தம் வராமல் லோட்டாவைக் காலி செய்யக் கற்றுக்கொண்டது. மனிதருக்குப் பொழுது போகவில்லை, பூனைக்கு வேறு வழியில்லை.

அவருக்கு ஏன் பொழுது போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூனை வருவதற்குச் சில மாதம் முன்புதான் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். சர்க்கரை வியாதி. கட்டை விரலில் ஒரு கொப்புளம், அது கருத்து, அழுகல் மேலே ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மாமாவுக்கு நினைவில்லை. இன்றைக்கே எடுக்காவிட்டால் ஆள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டவர் தனேஷின் அக்கா பிரமிளா. தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் உதிரிச் சாமான்களைச் சோதிக்கிற பிரிவில் சூப்பர்வைசர். கல்யாணம் வேண்டாமென்று தனியாக இருப்பவர். சேதி கேட்டு வேலை உடுப்போடு இரண்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்.

மகன் இருக்க மகள் ஏன் போட்டாள் என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். கார் நிறுத்த இடம் தேடிப் போனேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தனேஷ் சொன்னார். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். அந்தக் காரில் நானும் இருந்தேன். காரை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மேலே போங்கள் என்று நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மாமா கண் விழித்துப் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். யார் சைன் பண்ணியது என்று கேட்டார். அதன் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "என் கால வெட்டுனவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது. அவ கையால சோறும் எனக்கு வேணாம்," என்றார். மாமி காளியம்மா, புருஷன் பேச்சை மீறி ஒரு புடவைகூட எடுத்தறியாதவர். அந்த வாக்கு அப்படியே வீட்டுச் சட்டமானது.

பிரமிளா அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று டப்பாவை நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன். எப்போதும் ஒரே சமையல்தான். எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்த நெத்திலிக் கருவாடு, கூடக் கொஞ்சம் கச்சான் கடலை. அப்பாவின் வயிற்றுப் புண்ணுக்காக மிளகாய் சேர்க்காமல். மாமாவுக்கு உயிர் அது. முன்பெல்லாம் கடலையை ஒதுக்கிவிட்டு நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்பார். பல் செட் கடலைக்கு ஒத்துவராது.

"சாப்புட்டாராடி?" என்று அக்கா கேட்பார்.

"வச்சிருக்கேன் அக்கா," என்பேன். பொய் இல்லை. டப்பாவை மாமாவிடம்தான் கொடுப்பேன். அவர் ஒவ்வொரு நெத்திலியாக எடுத்து, கிராணியின் பலகையில் உயரமான கடைசிக் குழாயில் போடுவார். கிட்டத்தட்ட மூன்று வருஷம் அக்காவின் சமையலைச் சாப்பிட்டது கிராணிதான். அதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை.

போன புரட்டாசியில் மாமா இறந்தார். தூக்கத்தில் போனது, கஷ்டப்படவில்லை. சாவுக்கு வந்த அக்கா ரோட்டில் போட்டிருந்த கூடாரத்திலேயே இருந்துவிட்டுப் போனார். உள்ளே வா என்று மாமி கூப்பிடவில்லை. வரக்கூடாது என்று தடுக்கவும் இல்லை. தனேஷ் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவைத் தாண்டி நடந்தபோது தலை நிமிரவில்லை. கிராணி மாமாவின் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. சாவு வீட்டுக் கூட்டத்தில் பலகையை யாரோ துணி துவைக்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். நான் கிண்ணத்தில் பிஸ்கட் வைத்தேன், முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது.

எட்டாம் நாள் மாலை படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவர் படுத்திருந்த அறையில் இலை போட்டுப் பரிமாறி, விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஒரு ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அவர் வந்து சாப்பிடுவார். தெலுக் இந்தானிலிருந்து மாமாவின் தங்கை நவமணி அத்தை வந்திருந்தார். சடங்குகளுக்கு அவர்தான் எங்கள் வீட்டு வக்கீல்.

"அண்ணனுக்குக் கோழியும் நண்டும் இல்லாம என்னா படையல் அண்ணி?" என்றார்.

"புரட்டாசி லா. கவிச்சி அடுப்புல ஏறாது," என்றார் மாமி.

அதனால் இலையில் வடை, பாயசம், முருங்கைக்கீரை, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். எதிலும் மாமாவுக்கு உயிர் கிடையாது. நவமணி அத்தை விடவில்லை.

"தரையில கொஞ்சம் மாவு தூவி வைங்க. வந்துட்டுப் போனா கால் தடம் தெரியும்."

மாமி இலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எந்தக் கால்?"

அதன் பிறகு மாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன்பு பிரமிளா அக்காவின் கார் வந்தது. வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே நின்றார். வழக்கமான டப்பா. நான் வாங்கப் போனபோது மாமியே வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

"இன்னிக்கு எதுக்கும்மா நெத்திலி? புரட்டாசின்னு தெரியாதா?"

"தெரியும்மா. எலையில வைக்க வேணாம். ரூமுல எங்கயாச்சும் ஒரு ஓரத்துல வைங்க. அது போதும்."

"அவர் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு லா பிரமிளா. அத நான் எப்புடித் தாண்டுவேன்? மனுசன் போயிட்டாரு, இப்ப போயி அத மாத்தச் சொன்னா யாரக் கேக்குறது?"

அக்கா டப்பாவை நீட்டியபடியே நின்றார். எட்டு நாளில் முகம் இளைத்திருந்தது. இவ்வளவு வருஷமும் எனக்கு அவரிடம் பிடிக்காதது ஒன்று உண்டென்றால் இதுதான்: கையெழுத்தை நானாகப் போடவில்லை, தம்பிதான் ஓடி ஒளிந்தான் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்.

தீர்ப்பு நவமணி அத்தையிடமிருந்து வந்தது. "வைங்க அண்ணி. அண்ணனே தொட்டுட்டா அப்பறம் நம்ம யாரு குறுக்க நிக்க? பதினாறாம் நாள் காரியத்துக்கு மகளா உள்ள வந்து நிக்கட்டும். தொடலேன்னா இதோட விட்றணும். அவளும் டப்பாவத் தூக்கிக்கிட்டு இப்புடி வந்து நிக்கக் கூடாது. பாக்கறவங்களுக்குப் பாவமா, கெசியானா இருக்கு."

மாமி டப்பாவை வாங்கி என் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம், "அந்த ஒசரமான லோட்டாவுல போட்டு, கட்டில்கிட்ட ஸ்டூல் மேல வையி. எலப் பக்கம் வேணாம்," என்றார்.

கொட்டி வைத்தேன். முக்கால் லோட்டா வந்தது. மாமி விளக்கேற்றி ஊதுபத்தியைச் செருகி, தானே கதவைச் சாத்தினார். ஜன்னல்கள் கொசுவுக்காக ஏற்கனவே சாத்தியிருந்தன. கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். தனேஷ் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டேயிருந்தார். கேட்டுக்கு வெளியே அக்கா, காரில் சாய்ந்துகூட நிற்காமல், நேராக நின்றுகொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் பின்கட்டுக்குப் போனபோதுதான் கிராணியின் கிண்ணத்தில் காலையில் வைத்த பிஸ்கட் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். குளியலறையில் இல்லை. துணிக்கூடையில் இல்லை. பின்வாசல் பூட்டியிருந்தது. கூடத்துக்குத் திரும்பி வந்து மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தேன். படையல் போட்ட அறையில் பூனை இருக்கிறது, கதவைத் திறங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்தான் வேண்டும். திறந்தால் படையல் கெட்டது. அக்காவின் டப்பாவுக்கு இன்னொரு முறை கிடைக்காது. நான் பாயில் உட்கார்ந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டிக். சற்றுப் பொறுத்து மறுபடி, டிக். சில்வர் லோட்டாவின் உள்பக்கத்தில் நகம் படுகிற சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாமல், எண்ணி வைத்ததுபோல் வந்தது. இருபத்திரண்டு நிமிஷம் என்று மாமா கணக்குச் சொன்ன அதே நிதானம். நவமணி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதா?"

"கேக்குது," என்றேன்.

ஊதுபத்தி அணைந்திருக்கும் என்று நவமணி அத்தை தலையசைத்ததும் தனேஷ் எழுந்து மூன்று முறை தட்டிக் கதவைத் திறந்தார். இலையில் எதுவும் அசையவில்லை. வடைகள் அடுக்கியபடி இருந்தன. பாயசத்தில் ஆடை கட்டியிருந்தது. ஸ்டூல் மேல் லோட்டா வைத்த இடத்திலேயே நேராக நின்றது. நவமணி அத்தை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். நெத்திலி ஒன்றுகூட இல்லை. அடியில் கச்சான் கடலை மட்டும் கிடந்தது.

"பூனையோ எலியோ இருந்தா உருட்டித் தள்ளியிருக்கும் லா. ஒரு சொட்டு சிந்தியிருக்கா பாருங்க. நேரா நிக்கிது. கடலய ஒதுக்கிட்டாரு." நவமணி அத்தை ஜன்னல் விளிம்பைக் காட்டினார். மாமாவின் பல் செட் அங்கே கண்ணாடிக் கிளாசில் தண்ணீருக்குள் கிடந்தது. "பல்லு இங்கன இருக்கு. மனுசன் எப்புடிக் கடலையத் தின்பாரு?"

இதைவிட நல்ல சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

தனேஷ் அழுதார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை, அப்பா செத்த அன்றும்கூட. அழுதுகொண்டே வெளியே ஓடிக் கேட்டைத் திறந்தார்.

"அக்கா, வா. அப்பா சாப்புட்டாரு. அப்பா மன்னிச்சிட்டாரு அக்கா."

"யார?" என்றார் பிரமிளா அக்கா.

தனேஷ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைத் தாண்டி நடந்து வந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்து, உள்ளே நின்ற அம்மாவைப் பார்த்தார். மாமி, "வா," என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

அறைக்குள் வந்ததும் நேராக லோட்டாவிடம்தான் போனார். தினமும் ஆயிரம் உதிரிச் சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கண். லோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, உள்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு விரல் நுனியில் ஒட்டியிருந்த சாம்பல் முடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குமுதா, பூன எங்க?"

சத்தமாகக் கேட்கவில்லை. நவமணி அத்தை கூடத்தில் யாருக்கோ போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். தனேஷ் கதவருகே முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குக் கிடைக்க வேண்டியதை ஒரு பூனையிடமிருந்து இவர் வாங்கிக்கொண்டுவிட்டார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பூனையைச் சொல்லி, பலகையைச் சொல்லி, நிறுத்தியிருந்த காரையும் சொல்லிவிடலாம்.

மாமி இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார், கட்டிலுக்கு முதுகைக் கொடுத்தபடி. அவருடைய இடது கை கட்டிலுக்கடியில் போயிருந்தது. அது திரும்பி வரும்போது, அந்தக் கைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பாதம் இருந்தது. மணிக்கட்டு வரைக்கும் எண்ணெயில் மினுமினுத்தது. மாமி அதைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தபடியே, வெள்ளைப் புடவையின் முந்தானையை விரலில் சுற்றி, அந்தப் பாதத்தை ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். குழந்தைக்குச் சோறூட்டி முடித்துக் கை துடைப்பார்களே, அப்படித்தான். துடைத்து முடித்ததும் மெல்ல உள்ளே தள்ளிவிட்டார்.

"நிக்காத பிரமிளா," என்றார். "எலைய நீ எடு."

அக்கா குனிந்து இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்தார். மாமியின் முந்தானையில் எண்ணெய்க் கறை சின்னதாக இருந்து, பருத்தி நூலில் ஊறி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகிக்கொண்டிருந்தது.